பாப்பாவுக்கு, புது பேஸ் கிட்டார் வாங்கும் முன்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். இடது மணிக்கட்டு வலிக்கிறது, தோள்பட்டை இழுக்கிறது, ஆனாலும் தந்தி நீளம் குறைந்த ஷார்ட் ஸ்கேல் பேஸ் வாங்க மனசு வரவில்லை என்றாய். அது சின்னப் பிள்ளைகள் பழகுகிற கிட்டார் என்று உங்கள் குழுவில் யாரோ சொன்னார்களாம். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. ஜாஸ் பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் அத்தனை வேகமாக வாசிப்பது ஷார்ட் ஸ்கேலில்தான். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னரும், கிரீம் என்ற ராக் குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் ஈபி-3-ம் அதே வகைதான்.

நான் இருபத்தைந்து வருஷம் நாலரைக் கிலோ பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவன். இப்போது இடது கையைத் தலைக்கு மேலே தூக்கினால் ஓர் இடத்தில் பிடித்துக்கொள்கிறது. உனக்கு அது வரக்கூடாது.

அதனால் வியாழக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போய், அவரிடம் இருக்கிற மூன்று ஷார்ட் ஸ்கேல் பேஸ்களையும் சாயங்காலம் வரை வாசித்துப் பார்த்தேன்: ஃபெண்டர் மஸ்டாங் ஒன்று, வயலின் வடிவம் ஒன்று, ஈபி-3 போல எஸ்ஜி வடிவம் ஒன்று. டேப்பும் எடை மெஷினும் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

முதலில் அளவு. நம் வீட்டு பிரிசிஷன் பேஸின் தந்தி நீளம் 34 இன்ச். அதில் நட்டிலிருந்து, அதாவது தலைப்பக்கம் தந்தியைத் தாங்குகிற கட்டையிலிருந்து, நாலாவது ஃப்ரெட் கம்பி வரை 178 மில்லிமீட்டர். 30 இன்ச் மஸ்டாங்கில் அதே இடம் 157. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் உன் சுண்டுவிரல் தினமும் எட்டிப் பிடிக்கிற தூரம் அது. தடித்த தந்தியின் முதல் ஃப்ரெட்டில் எஃப் ஸ்வரம் பிடித்துக்கொண்டே நாலாவது ஃப்ரெட்டுக்கு நீட்டும்போது உன் மணிக்கட்டு மடங்குகிறதே, வலி அங்கேதான் பிறக்கிறது. மஸ்டாங்கில் எனக்கு நாலு விரலும் நாலு ஃப்ரெட்டில் தானாக உட்கார்ந்தன, மணிக்கட்டு நேராகவே இருந்தது. 28.6 இன்ச் ஐபனெஸ் மைக்ரோவும் இருக்கிறது, அது உனக்கு வேண்டாம். மேல் ஃப்ரெட்டுகளில் உன் விரலுக்கு இடம் போதாது.

அப்புறம் எடை. ஷார்ட் ஸ்கேல் என்றாலே லேசாக இருக்கும் என்று நினைத்துவிடாதே. நீளம் வேறு, எடை வேறு. வயலின் வடிவ பேஸ் உள்ளே கூடு, இரண்டே கால் கிலோதான் காட்டியது. மாட்டியிருப்பதே தெரியவில்லை. ஆனால் நீங்கள் ஆம்ப்ளிஃபயரை வைக்கிற சத்தத்தில் அந்தக் கூடான உடல் ஊளையிடத் தொடங்கிவிடும். மஸ்டாங் உள்ளே கூடில்லாத முழு மரக்கட்டை, மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

எஸ்ஜி வடிவ பேஸ்தான் என்னை யோசிக்க வைத்தது. எடை மெஷினில் அது மஸ்டாங்கைவிடக் குறைவு. தோளில் மாட்டி இடது கையை எடுத்தேன், நெக் அப்படியே தரையைப் பார்த்துச் சாய்ந்தது. ஸ்ட்ராப் மாட்டுகிற பட்டன் நெக்கின் அடியில் இருப்பதால் மொத்த நெக்கும் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. 30.5 இன்ச்தான், ஆனாலும் முதல் ஃப்ரெட்டைத் தொட முழங்கையை நீட்ட வேண்டியிருந்தது. பாட்டு முழுக்க வாசிக்கிற கையே நெக்கைத் தாங்கிக்கொண்டும் இருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் எனக்குத் தோள் இறுகிவிட்டது. சத்தம் அருமை, அடிவயிற்றில் இடிக்கிறது. இருந்தாலும் உன் தோளுக்கு அது ஆகாது. கடையில் உட்கார்ந்து வாசித்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது. நின்று, ஸ்ட்ராப் மாட்டி, கையை விட்டுப் பார்.

சரி, தந்தி. அதே தடிமன் தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால், 30 இன்ச்சில் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே குறைகிறது. இடது கைக்கு அது வரம். ஆனால் நீ வலது கையால் ஓங்கி இழுக்கிறவள். முதல் வாரம் தடித்த ஈ தந்தி தொளதொளவென்று ஆடும், ஃப்ரெட்டில் பட்டு இரையும். அதைக் கேட்டு பேஸ் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடாதே. மேல் சுற்று தட்டையான பிளாட்வவுண்ட் தந்தி போடு, விறைப்பாக நிற்கும். ஷார்ட் ஸ்கேலுக்கென்றே செய்த தந்தியாகப் பார்த்து வாங்கு. நீளம் மிஞ்சினால் முதலில் மடக்கு, அப்புறம் வெட்டு. மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று அவிழ்ந்து தந்தி செத்துப்போகும்.

என்னைக் கேட்டால் மஸ்டாங். 1966-ல் வந்த வடிவம். உடலின் மேல் கொம்பு நீளமாக இருப்பதால், தோளில் மாட்டிக் கையை விட்டாலும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. நட் பக்கம் நெக்கின் அகலம் 38 மில்லிமீட்டர்தான், உன் உள்ளங்கைக்குச் சரியாக இருக்கும். ஆனால் கை உன்னுடையது. மூன்றையும் மாட்டிக் கால் மணி நேரம் நின்றுவிட்டு முடிவு செய்.

என் அகல ஸ்ட்ராப்பை அனுப்பியிருக்கிறேன், உள்பக்கம் சொரசொரப்பான தோல், வழுக்காது. மணிக்கட்டு வலி முழுக்க அடங்கும் வரை பழைய பேஸைத் தொடாதே. புதுசு வந்ததும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த எஃப்பை எனக்கு வாசித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா