கை கழுவ ஒரு குழாய்: மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். கொங்குப் பக்கத்து நகரம் ஒன்றில் மகன் வீட்டில் இருக்கிறேன். உங்களிடம் நான் கேட்க வந்திருப்பது ஒரு குழாயும் ஒரு கழிப்பறையும். எனக்காக அல்ல, எங்கள் வீதியில் குப்பை எடுப்பவர்களுக்காக.

போன பங்குனியில் ஒரு நாள், காலை ஏழரை மணி இருக்கும். பேட்டரி வண்டியில் வரும் பெண் கேட்டுக்கு வெளியே நின்று, "நர்சம்மா, சித்த கையில தண்ணி ஊத்துங்க" என்றார். யாரோ குழந்தையின் டயாப்பரைச் சாப்பாட்டு மிச்சத்தோடு ஒரே பையில் போட்டு முடிந்து வைத்திருக்கிறார்கள். தூக்கும்போது பை கிழிந்து முழங்கை வரை வழிந்துவிட்டது. கையுறை போட்டுத்தான் இருந்தார். துணிக் கையுறை. நனைந்துவிட்டால் அந்த அழுக்கைத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. வாளியும் சோப்பும் எடுத்து வந்து ஊற்றினேன். குடிக்க ஒரு சொம்பு கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இன்னும் குடிங்கம்மா, வெயில் ஏறுதே."

"போதுங்க. தண்ணி குடிச்சா அப்பறம் போறதுக்கு எடம் வேணுமில்லீங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் செவிலியராக இருந்தவள் நான். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் நோய்களின் பட்டியல் எனக்குத் தெரியும். அன்றைக்குத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டேன். ஆறு மணிக்கு மஸ்டர், அதாவது வருகைப் பதிவு. வீட்டில் ஐந்து மணிக்குக் கழிப்பறை போனால், அடுத்தது மதியம் இரண்டு மணிக்கு மேல் வீடு திரும்பித்தான். பொதுக்கழிப்பறை பேருந்து நிலையத்தில் இருக்கிறது. வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போனால் ஆப்சென்ட் விழும். மாதவிலக்கு நாட்களில் காலையில் வைத்த துணியோடு வேலை முடியும்வரை நடக்கிறார். காலைச் சாப்பாடு பத்து மணிக்கு, டிரான்ஸ்பார்மர் நிழலில். கை கழுவ இடமில்லாததால் பாலித்தீன் கவரைக் கையில் சுற்றிக்கொண்டு இட்லியைப் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. தங்களுக்குள் கண்டுபிடித்த உபாயமாகச் சொன்னார்.

பல மணி நேரம் சிறுநீரை அடக்குவதும், அடக்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நிற்பதும் நீர்க்கடுப்புக்கும் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும் கல்லடைப்புக்கும் வழி. எலியின் சிறுநீர் கலந்த ஈரக் குப்பையிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி சிறு கீறல் வழியாக உடம்புக்குள் போகும். குடற்புழுவும் ஒருவகை மஞ்சள் காமாலையும் கழுவாத கையிலிருந்து வாய்க்குப் போகின்றன. இதில் எதற்கும் பெரிய மருத்துவ ஞானம் தேவையில்லை. ஓடும் தண்ணீர், சோப்பு, கதவுள்ள கழிப்பறை, குடிக்க நல்ல தண்ணீர். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 15, உலகக் கை கழுவும் நாளில், பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விரலிடுக்கு வரை தேய்க்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். நான் வேலை பார்த்த சுகாதார நிலையத்தில் பிரசவ அறைக் கழிவை வாளியில் அள்ளிக்கொண்டு போன அம்மாளிடம், "நீங்க எங்கம்மா கை கழுவுறீங்க?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த மடலை எழுத அதுவும் ஒரு காரணம்.

உலகக் கணக்குக்கு வருகிறேன். அது உங்கள் வார்டு வரை வந்து தொடும். 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை பாதுகாப்பான குடிநீரும் துப்புரவு வசதியும் மனித உரிமை என்று தீர்மானம் நிறைவேற்றியது. பொலிவியா முன்மொழிந்தது. 122 நாடுகள் ஆதரித்தன, அதில் இந்தியாவும் உண்டு. 2015இல் வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது, 2030க்குள் எல்லோருக்கும் தண்ணீர், கழிப்பறை, கை கழுவும் வசதி என்கிறது. பெண்களின் தேவைக்குத் தனிக் கவனம் வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து இதற்குக் கணக்கு வைக்கின்றன. 2025இல் வெளியான கணக்குப்படி, பாதுகாப்பான குடிநீர் கிடைக்காதவர்கள் சுமார் 210 கோடிப் பேர். பாதுகாப்பான கழிப்பறை வசதி இல்லாதவர்கள் 340 கோடி. வீட்டில் தண்ணீரும் சோப்புமாகக் கை கழுவ வழியில்லாதவர்கள் 170 கோடி.

இவ்வளவு பெரிய கணக்கில் எங்கள் வீதிக்கு வரும் அந்தப் பெண் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பார்த்தேன். வீடுகளைக் கணக்கெடுக்கிறார்கள். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கணக்கெடுக்கிறார்கள். அவர் வீட்டில் குழாய் இருக்கிறது, கழிப்பறையும் இருக்கிறது. ஆகவே கணக்குப்படி அவர் வசதி பெற்றவர். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை அவர் இருக்கும் இடம் தெரு. அந்தக் கணக்கில் தெருவுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. நம் வீடும் வீதியும் சுத்தமாக இருப்பதற்காகத் தினமும் உழைப்பவர், உழைக்கும் அந்த எட்டு மணி நேரமும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2019 நவம்பரில் உலக வங்கி, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, உலக சுகாதார நிறுவனம், வாட்டர்எய்ட் என்ற தொண்டு நிறுவனம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒன்பது நாடுகளின் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்தியாவும் அதில் ஒன்று. ஹெய்ட்டியில் மலக்குழிகளைக் கையால் காலி செய்பவர்களுக்குப் 'பாயாகு' என்று பெயர். ராத்திரியில்தான் வேலை. தான் செய்யும் வேலை அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஒளித்து வாழ்கிறார்கள். மொழியும் கண்டமும் வேறு. அந்த ஒளிவுக்குப் பின்னால் இருக்கும் கூச்சத்தை நான் இங்கேயும் பார்த்திருக்கிறேன். மகனின் பள்ளிக்கூட வாசலில் வேலைச் சீருடையோடு நிற்க மறுத்து, மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொள்ளும் தாய்மார்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 1968 பிப்ரவரி 1 அன்று மழை கொட்டியது. ஒதுங்க வேறு இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் ஏறி நின்றார்கள் இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், எக்கோல் கோலும் ராபர்ட் வாக்கரும். அழுத்தும் இயந்திரம் தானாக ஓடி இருவரையும் நசுக்கிக் கொன்றது. அதைத் தொடர்ந்து சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். "நான் ஒரு மனிதன்" என்று எழுதிய அட்டையை ஏந்தி நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஏப்ரலில் சுடப்பட்டார். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை இல்லாததால் இரண்டு உயிர் போனது என்பதை நினைக்கும்போது, "ஒரு அறை கட்டித் தருவதெல்லாம் அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. மலக்குழியில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் சாக்கடைக்குள் ஆளிறக்கத் தடை விதித்தது. அவை அவசியமானவை. ஆனால் செத்தால் என்ன தொகை என்பது வரை தெளிவாக எழுதிவிட்ட நாம், உயிரோடு வேலைக்கு வரும் ஆள் எங்கே கை கழுவுவார் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறோமா என்றால், அதையும் எழுதியிருக்கிறோம்! 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 18ஆம் பிரிவு: குடிநீர், கழிப்பறை, கழுவும் வசதி தரவேண்டியவராக இருந்தவர் ஒப்பந்ததாரர். 20ஆம் பிரிவு: அவர் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர், தந்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்க வேண்டியிருந்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த நல வசதிகளை நேராக முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பில்தான் வைக்கிறது. ஊர்க் குப்பையைப் பொறுத்தவரை அந்த முதன்மை வேலையளிப்பவர் நீங்கள் உட்கார்ந்திருக்கும் மன்றம். "அது கம்பெனி பார்க்க வேண்டியது" என்று ஒரு சுகாதார அலுவலர் என்னிடம் சொன்னார். இல்லை. அது நீங்கள் பார்க்க வேண்டியது.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அடுத்த நாள் அரசு அறிவித்த நலத்திட்டங்களில் காலை உணவும் ஒன்று. பசியோடு வேலை பார்ப்பவருக்குச் சோறு போடுவதை யார் குறை சொல்ல முடியும்? அந்தத் தட்டில் கை வைக்கும் முன் கையை எங்கே கழுவுவார் என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அந்தத் திட்டம் முழுமை. பணி நிரந்தரம், கூலி இரண்டும் என் குழாயைவிடப் பெரிய கேள்விகள் என்பதும் எனக்குத் தெரியும். குழாயைக் கொடுத்து அவற்றை மறக்கடிக்க வேண்டாம்.

சாதியைச் சொல்லாமல் இதை எழுதினால் பொய்யாகிவிடும். தமிழ்நாட்டில் இந்த வேலை அருந்ததியர் மீதும் ஆதிதிராவிடர் மீதும் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது. என் பிறந்த வீட்டில் மதில் மேல் ஒரு நசுங்கிய அலுமினிய டம்ளர் இருந்தது. அது யாருக்கு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு டம்ளர் போய்விட்டது. எங்கள் வீதியில் பழைய பெப்சி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கேட்டுக்கு வெளியே வைக்கிறார்கள். இரக்கத்தால் வைப்பதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். "துப்புரவுத் தொழிலாளர்" என்ற பெயரைத் "தூய்மைப் பணியாளர்" என்று மாற்றினோம். ஆனால் வீட்டுக்காரர் மனமிரங்கினால்தான் அவருக்குத் தண்ணீர் என்பது மாறவில்லை. இரக்கம் வேறு, குழாய் வேறு. தன் கையால் திறந்து தன் கையால் மூட ஒரு குழாய் இருந்தால் அவர் யார் கேட்டிலும் நிற்க வேண்டியதில்லை.

இடமில்லை, பணமில்லை என்பீர்கள். உங்கள் வார்டில் ஏற்கெனவே மன்றத்தின் தண்ணீர் இணைப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, நுண் உரம் தயாரிக்கும் மையம், சுகாதார ஆய்வாளர் அலுவலகம், மாநகராட்சிகளில் அம்மா உணவகம். இவற்றில் ஒன்றின் ஓரத்தில் இரண்டு குழாய், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, உடை மாற்ற மறைவு, அலமாரி, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. அங்கன்வாடி ஓரத்தில் மட்டும் வேண்டாம், பிள்ளைகள் நடமாடும் இடம். குடிநீர் வைக்கும் இடம் கழுவும் இடத்திலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் 6 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அந்த அளவையே இங்கும் வைத்துக்கொள்ளலாம். பெங்களூருவில் பௌரகார்மிகர்கள் எனப்படும் தூய்மைப் பணியாளர்களுக்காகக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் உள்ள 'சுவிதா' கேபின்களைத் தெருவோரம் இறக்கி வைத்தார்கள். திருச்சியில் பெண்கள் குழுக்கள் பொதுக்கழிப்பறைகளைப் பல ஆண்டுகளாகத் தாங்களே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். கட்டிவிட்டுப் பூட்டிப்போடும் கழிப்பறைக்கு அவர்களிடம் மருந்து இருக்கிறது.

கட்டடம் எழும்பும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. குப்பை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது டெண்டரில் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வண்டியிலும் குழாய் வைத்த தண்ணீர் கேன், சோப்பு, ரப்பர் கையுறை. வேலை நேரத்தில் கழிப்பறை போய்வருவதற்கு ஆப்சென்ட் போடக்கூடாது என்று எழுத்தில் ஒரு உத்தரவு. கடைகளில் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. நம்மால் முடியாதது ஒன்றுமில்லை.

உங்களில் பாதிப் பேர் பெண்கள். பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட 2022 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்து வந்தீர்கள். மன்றக் கூட்டம் மூன்று மணி நேரம் நீண்டால் நடுவில் எழுந்து எங்கே போவது என்ற கவலை உங்களுக்கும் இருந்திருக்கும். அதனால் உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு உங்கள் வார்டில் மஸ்டர் எடுக்கும் இடத்துக்குப் போங்கள். போட்டோ எடுக்கிறவர் வேண்டாம். எங்கே போகிறீர்கள், எங்கே கை கழுவுகிறீர்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழாய் எங்கே வேண்டும் என்றும் அவர்களையே கேளுங்கள்.

நான் கேட்டேன். போன வாரம் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, கூடவே நடந்து வந்து இடத்தைக் காட்டினார். மூன்றாவது வீதி முக்கில், தண்ணித் தொட்டிக்குக் கீழே, வால்வு ரூமுக்கு வடபுறம். வேப்பமர நிழல் விழுகிறது. அங்கே நிறுத்தினால் வண்டி யாரையும் மறிக்காது. தொட்டியிலிருந்து பத்தடி பைப் இழுத்தால் போதும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு குழா போதுங்க நர்சம்மா. கக்கூசுக்குத் தாழ்ப்பா மட்டும் உள்பக்கம் இருக்கோணும்."

இப்படிக்கு,
உங்கள் வார்டுகளில் ஒன்றில் வரி கட்டும்
ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்