அந்த வாட்ஸ்அப் போட்டோ பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வளர்ப்பு மீன் கடைக்கு வந்துவிடும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பத்து நாளாக நம்ம காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போட்டோ சுற்றுகிறது. வெள்ளைத் தட்டில் செத்துக் கிடக்கும் ஒரு கப்பி மீன், கீழே "சீக்கு மீன் விற்கிறார்கள், ஜாக்கிரதை" என்று ஒரு வரி. கடைப் பெயர் இல்லை. ஆனால் தட்டுக்குப் பக்கத்தில் கிடப்பது எங்கள் நீலக் கவர் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போனைக் காட்டி "என்னப்பா இது?" என்று கேட்டுவிட்டீர்கள். கேட்காமலே மனதில் வைத்துக்கொண்டவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டோ எடுத்த வீட்டில் எங்களிடம் ஆறு கப்பி வாங்கினார்கள். ஐந்து வாரம் நன்றாகவே இருந்தன. அப்புறம் தொட்டியில் கொஞ்சம் கலர் வேண்டும் என்று வந்து இரண்டு டைகர் பார்ப் கேட்டார்கள். அன்று நான் சென்னை கொளத்தூருக்கு மீன் எடுக்கப் போயிருந்தேன், கடையில் ஒரே ஆள். "வீட்டுத் தொட்டியில் என்ன மீன் இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே கொடுத்தாகிவிட்டது, அவை கப்பியின் வாலைக் கடித்துவிட்டன. அவர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் "சீக்கு மீன்" என்ற சொல்லை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வால் அழுகும் நோய் என்றால் ஓரம் வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இந்தக் கப்பியின் வாலில் இரண்டு இடத்தில் அரைவட்டமாகத் துண்டு போயிருக்கிறது, ஓரம் வெட்டியது மாதிரி இருக்கிறது. அது கடி. கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஆக்ஸிஜன் அடைத்த கவரில் வரும் மீனை நான் மறுநாளே விற்பதில்லை. ஒரு வாரம் பின்னறையில் தனித் தொட்டியில் கிடக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, ஒரு தொட்டியில் நனைந்த வலை இன்னொன்றில் இறங்காது. அந்த ஒரு வாரத்தில் குழந்தை அழுதாலும் கொடுக்க மாட்டேன் என்பதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர்களே உங்களில் இருக்கிறீர்கள். இவ்வளவும் செய்துவிட்டு இந்தப் பேரை வாங்கினால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

டைகர் பார்ப் கெட்ட மீன் கிடையாது. சுமத்ரா, போர்னியோ பக்கத்து ஓடைகளில் கூட்டமாக வாழ்வது. எட்டுப் பத்து சேர்ந்திருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு, யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும். இரண்டை மட்டும் விட்டால் அந்தத் துடிப்பெல்லாம் பக்கத்து மீன் மேல் போகும். கப்பியின் வால் அகலம், நீச்சல் மெது. ஓடித் தப்பிக்க அதற்கு வழியில்லை.

நம்ம பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால், ஒத்துவருமா என்று பார்க்க முதல் கேள்வி "என்ன கோயில்?" என்பதுதானே. இனி எங்கள் கடையிலும் மீனைப் பிடிக்கும் முன் தொட்டி எத்தனை அடி, ஏற்கெனவே என்ன இருக்கிறது, தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் என்று கேட்போம். பதில் பொருந்தவில்லை என்றால் கொடுக்க மாட்டோம். தயவுசெய்து கோபிக்காதீர்கள்.

உங்களில் பலரிடம் இருப்பது இரண்டடித் தொட்டி. நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஒவ்வோர் அடி என்றால் விளிம்பு வரை 57 லிட்டர்கூட முழுசாக வராது. மணலும் போட்டு மேலே இடமும் விட்டால் 45 லிட்டர் நின்றால் அதிகம். அதற்குள் எட்டுப் பத்து நியான் டெட்ராவும் அடியில் மேய ஐந்தாறு கோரியும் விட்டால் அழகாக இருக்கும். கப்பி பிடித்தவர்கள் ஆண் கப்பியாகவே ஏழெட்டு வைத்துக்கொள்ளலாம், குட்டி பெருகித் தொட்டி நிறையாது. பெண்ணும் வேண்டும் என்றால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆண்கள் விரட்டியே பெண்ணைக் களைக்க வைத்துவிடும். ஃபைட்டர் தனியாக இருக்கட்டும்.

ஏஞ்சலும் நியானும் சேர்த்துக் கேட்பவர்கள் நிறைய. இரண்டும் அமேசான் ஆற்று மீன்தான். ஆனால் ஒரே ஊர் என்பதால் ஒத்துப்போகும் என்று நினைக்க வேண்டாம். கடையில் ஐம்பது காசு அளவு இருக்கும் ஏஞ்சல் வளர்ந்தால் கையகலம் வரும், அப்போது நியான் அதற்கு இரை. கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் கேட்கும், கழிவும் அதிகம். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனால் முதலில் மேலே வந்து வாயைத் திறப்பது அதுதான். கண்ணாடியைத் துடைக்கும் என்று கேட்கிற சக்கர் மீன் இரண்டங்குலத்தில் வாங்கினாலும் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்த பிறகு அதை ஊருணியில் கொண்டுபோய் விடாதீர்கள், நம்ம ஊர் மீனுக்கு அது கெடுதல். கடைக்குக் கொண்டு வாருங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

புதுத் தொட்டி வைப்பவர்களுக்கு ஒன்று. காலையில் தண்ணீர் ஊற்றி மாலையில் மீன் விட்டால், எந்தக் கடை மீனும் நிற்காது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் ஊற நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். அவசரம் என்றால் எங்கள் ஓடுகிற தொட்டியிலிருந்து ஊறிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு தருகிறேன், காசு வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

இந்தப் பத்து நாளில் எனக்குத் தெம்பு கொடுத்தவர் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர். அதே குழுவில், "எனக்கே ஏஞ்சல் தரமாட்டேன்னு சொன்ன பையன்யா அவன், சீக்கு மீனைக் கொடுப்பானா?" என்று குரல் பதிவு போட்டிருக்கிறார்கள். அதை நாலு தடவை கேட்டேன். வீட்டு முற்றமான வளவில் வெயில் படாத மூலையாகப் பார்த்துத் தொட்டி வைத்து, ஏழு வருஷமாக அதே கோரிகளை வளர்க்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கும், போட்டோவைப் பார்த்த பிறகும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து தொட்டி கழுவிக் கொடுத்த தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் அந்த வேலையை இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம். முன்பணம் கொடுத்தவர்கள் அதைக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த முறை மீன் வாங்க வரும்போது உங்கள் தொட்டியைப் போனில் ஒரு போட்டோ எடுத்து, ஒரு சின்ன பாட்டிலில் அந்தத் தண்ணீரும் பிடித்து வாருங்கள். உங்கள் முன்னாலேயே சோதித்துப் பார்த்துவிட்டு மீன் பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மீன் கடைக்காரர்,
காரைக்குடி