ஜப்பான் ரெக்கார்டு விற்கும் நண்பர்களே, தட்டையும் கொஞ்சம் காட்டுங்கள்

ஜப்பானிலிருந்து பழைய ராக் எல்.பி. இசைத்தட்டுகளை வரவழைத்து விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும். இரண்டு பேரிடம் கடன் சொல்லி வாங்கியிருக்கிறேன், அதில் ஒருவருக்கு இன்னும் பாக்கி. ஆகவே இதைச் சண்டை மடலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய வாடிக்கையாளன் ஒருவன் கடை வாசலில் நின்று கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறான், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்களில் ஒருவரிடம் பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வாங்கினேன். "ஜப்பான் ஃபர்ஸ்ட் பிரஸ், 1973, ஒபியுடன்" என்று போட்டிருந்தார். படம் ஒன்றே ஒன்று: கறுப்பு உறை, முப்பட்டகம், இடது ஓரத்தில் ஒபி என்ற காகிதப் பட்டை. கொடுத்த விலையை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. பார்சல் வந்ததும் தட்டை எடுத்து நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் எண்ணைப் பார்த்தேன். ஈ.எம்.எஸ்.-80324. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1973இல் முதலில் வெளியிட்டதன் எண் ஈ.ஓ.பி.-80778. என் கையில் இருந்தது பிறகு வந்த மறுபதிப்பு. ஆனால் அதன்மேல் சுற்றியிருந்த ஒபியில் மட்டும் ஈ.ஓ.பி. எண் இருந்தது.

போன் போட்டேன். "அண்ணே, உறையில 1973ன்னுதானே போட்டிருக்கு?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உறையில் 1973 என்றுதான் இருந்தது. வட்டத்துக்குள் 'பி' என்ற எழுத்து போட்டு அச்சிடும் அந்த வருடம், அந்தப் பதிவு முதன்முதலில் வெளியான வருடம். தட்டு அச்சான வருடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை மறுபதிப்பு வந்தாலும் அது மாறாமல் அப்படியே இருக்கும். இது தெரியாமல் விற்கிறவர் பலர். தெரிந்தும் விற்கிறவர் சிலர் என்று கேள்வி.

தட்டின் வயதைச் சொல்வது அதன் எண்தான். இதில் சி.பி.எஸ்.-சோனி நிறுவனத்தின் தட்டுகள் மிகவும் சுலபம், விலையே எண்ணுக்குள் இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' 25ஏ.பி.-340. அந்த 25 என்பது 2,500 யென். 'தி வால்' இரட்டைத் தட்டு, 40ஏ.பி.-1750 என்று தொடங்கும், அதாவது 4,000 யென். இந்த முறைக்கு முந்தைய தட்டுகளில் எஸ்.ஓ.பி. என்று தொடங்கும் எண்கள் இருக்கும். 'விஷ் யூ வேர் ஹியர்' முதலில் வந்தது எஸ்.ஓ.பி.ஓ.-100 என்ற எண்ணில். அதே இசை பின்னால் 30ஏ.பி. என்ற எண்ணோடு, 'மாஸ்டர் சவுண்ட்' என்ற பெயரில் 3,000 யென்னுக்கு வந்தது. இரண்டும் நல்ல சரக்குதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வார்னர்-பயனியர் கொஞ்சம் வேலை வாங்கும். அந்த நிறுவனம் தொடங்கியதே 1970இல். அதனால் லெட் ஜெப்பலினின் முதல் இரண்டு ஆல்பங்களும் ஜப்பானில் முதலில் வந்தது நிப்பான் கிராமபோன் வழியாக. அவற்றில் வார்னர்-பயனியர் பெயர் இருந்தால் அது முதல் பதிப்பே இல்லை. நான்காவது ஆல்பம் 1971இல் பி-8166ஏ என்ற எண்ணில் வந்தது, 1976இல் பி-10125ஏ ஆனது. தோஷிபாவில் எண்ணே தெரியாவிட்டாலும் நிறுவனத்தின் பெயரைப் படித்தால் பாதி விடை கிடைக்கும்: 'தோஷிபா-ஈ.எம்.ஐ.' என்ற பெயர் 1973 அக்டோபரில்தான் வந்தது. ஒபியில் நுகர்வு வரி சேர்த்து, சேர்க்காமல் என்று இரண்டு விலை இருந்தால் இன்னும் நல்லது, யோசிக்கவே வேண்டாம். ஜப்பானில் அந்த வரி வந்தது 1989 ஏப்ரல் 1ஆம் தேதி. அதை "70ஸ் ஒரிஜினல்" என்று போட்டவர் யார் என்று இங்கே சொல்லமாட்டேன்.

லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவில் வழவழவென்று ஒரு வளையம் இருக்கிறதே, அங்கே எண்ணும் சில குறிகளும் பொறித்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். உறையை மாற்றலாம், ஒபியை மாற்றலாம், அந்தப் பொறிப்பை மாற்ற முடியாது. அதை ஒரு படம் எடுத்துப் போட உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகுமா?

சிவப்புத் தட்டு விஷயமும் இருக்கிறது. தோஷிபா 'எவர்கிளீன்' என்ற பெயரில் தூசி ஒட்டாமலிருக்க மின்னேற்றம் தடுக்கும் பொருள் கலந்து தட்டு அடித்தது. வெளிச்சத்தில் பிடித்தால் நன்னாரி சர்பத் நிறத்தில் ஜொலிக்கும். 60களின் பீட்டில்ஸ் தட்டுகளில் அதைப் பார்க்கும்போது எனக்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் 1982இல் பீட்டில்ஸின் மோனோ ஆல்பங்களை தோஷிபா-ஈ.எம்.ஐ. மறுபடியும் சிவப்பில் வெளியிட்டது. தைவானில் அந்தக் காலத்தில் அடித்த திருட்டுப் பதிப்புகளும் பல நிறங்களில் வந்தன. உறையில் வளைவும் கொக்கியுமாக இருக்கும் ஜப்பானியக் கானா எழுத்து ஒன்றுகூட இல்லாமல், கட்டம் கட்டமாகச் சீன எழுத்து மட்டுமே இருந்தால் அது ஜப்பான் சரக்கு அல்ல. நீங்கள் ஜப்பான் மொழி படிக்கவேண்டியதில்லை, இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட்டால் போதும்.

இப்போது ஒபிக்கு வருகிறேன். கிமோனோவின்மேல் இடுப்பில் கட்டும் பட்டைக்குப் பெயர் ஒபி. அதே பெயரைத்தான் உறையின் இடது ஓரத்தில் சுற்றும் இந்தக் காகிதப் பட்டைக்கும் வைத்தார்கள். பாட்டுப் பெயர், விலை, விளம்பர வாசகம் எல்லாம் அதில் ஜப்பானியில் இருக்கும். வெளிநாட்டுத் தட்டுகள் அங்கேயும் இறக்குமதியாகி மலிவாக விற்றன. உள்நாட்டுப் பதிப்பை வாங்க வைக்க ஒபி, பாட்டு வரிகள் அச்சிட்ட தாள், நீண்ட அறிமுகக் கட்டுரை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அந்தப் பாட்டு வரிகளைப் பல சமயம் யாரோ காதால் கேட்டு எழுதியிருப்பார்கள், படித்தால் சிரிப்பு வரும். பாடகர் பாடியது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று. எனக்கு அந்தத் தாளும் வேண்டும், தனியாக எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒபி வெறும் காகிதம். பலர் பிரித்ததும் குப்பையில் போட்டார்கள், அதனால்தான் இன்று அதற்கு இந்த விலை. விலை ஏறியதும் நகலும் வந்துவிட்டது. எனக்கு வந்த அந்த டார்க் சைட் ஒபியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நிஜ ஒபியில் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். இதிலோ கறுப்பு எழுத்தின் ஓரமெல்லாம் நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். யாரோ ஸ்கேன் எடுத்து பிரிண்டரில் போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒபியைக் கழற்றி உறையைப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்குமேல் ஒபி கட்டிக்கிடந்த உறையில் அது மூடியிருந்த இடம் கொஞ்சம் புதுசாக இருக்கும், வாட்ச் கழற்றிய மணிக்கட்டு போல. உள்ளே தட்டு அழுத்தி விழுந்த வட்டத் தேய்மானம் உறையிலிருந்து ஒபியின்மேலும் தொடர்ந்து ஓடும். என்னுடைய உறையில் வட்டத் தேய்மானம் ஒபி இருந்த இடத்தின் அடியிலும் அழகாகச் சுற்றி வந்திருந்தது. அந்த ஒபியில் ஒரு கீறல் இல்லை. உறைக்கும் ஒபிக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது.

நகல் ஒபி விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "இது நகல்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு விற்கலாம். ஒபி இல்லாமல் வந்த தட்டை "ஒபி இல்லை" என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் நான்தான் முதல் ஆளாக வாங்குவேன்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "ஜப்பான் பிரஸ்ஸிங், ஆகவே பெஸ்ட் சவுண்ட்" என்று எல்லாத் தட்டுக்கும் ஒரே வரியை ஒட்டுகிறீர்கள். பாதி உண்மை. சத்தமில்லாத பின்னணி ஜப்பான் தட்டின் பெருமை, அதில் சந்தேகமே வேண்டாம். விக்டர் நிறுவனம் நான்கு ஒலித்தடக் 'சி.டி.-4' தட்டுக்காக உழைத்தது இதற்கு ஒரு காரணம். அதில் மனிதக் காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றைத் தடத்துக்குள் வைக்கவேண்டும், சாதாரண வினைல் அதைத் தாங்காமல் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதற்காகவே கெட்டியான, சுத்தமான வினைல் கலவையை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிடி நிறுவனம் தன் விலையுயர்ந்த தட்டுகளைப் பிறகு ஜப்பானில் விக்டரிடம் கொடுத்து அடித்து வாங்கியது இதை நம்பித்தான்.

ஆனால் தட்டு சுத்தமாக இருந்தால் போதுமா, தடத்தில் இருப்பது என்ன? பிரிட்டிஷ், அமெரிக்க இசைக்குழுக்களின் மூல டேப் அந்தந்த ஊரிலேயே இருக்கும். டோக்கியோவுக்குப் போனது பெரும்பாலும் அதன் பிரதி. பிரதியிலிருந்து தடத்தை எவ்வளவு கவனமாக வெட்டினாலும் கொஞ்சம் உயிர் குறையும். பல ஜப்பான் தட்டுகளில் மேல் சுருதி தூக்கலாகவும் பாஸ் மெலிந்தும் இருப்பதாக என் காதுக்குப் படுகிறது. லெட் ஜெப்பலினின் இரண்டாவது ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் அமெரிக்காவில் ஒலிப் பொறியாளர் பாப் லட்விக் வெட்டிய தட்டின் அந்த வழவழப்பு வளையத்தில் 'ஆர்.எல்.' என்று பொறித்திருக்கும். அதன் அடி எந்த ஜப்பான் பதிப்பிலும் கிடையாது. அதைவிட ஜப்பான் தட்டு உசத்தி என்று என்னிடம் விற்கப் பார்த்த தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும்.

மறுபக்கம், ஜப்பான் பதிப்புக்கு உண்மையிலேயே முதல் மரியாதை செய்யவேண்டிய தட்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நீங்கள் பேசுவதே இல்லை. டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17ஆம் தேதி டோக்கியோ புடோகான் அரங்கிலும் வாசித்ததைப் பதிவுசெய்யச் சொல்லி வற்புறுத்தியது ஜப்பான் நிறுவனம். உலகம் 'மேட் இன் ஜப்பான்' என்று அறிந்த அந்த ஆல்பத்தின் ஜப்பான் பெயர் 'லைவ் இன் ஜப்பான்', உறையும் வேறு. சான்டானா 1973 ஜூலையில் ஒசாகாவில் வாசித்தது 'லோட்டஸ்' என்று மூன்று தட்டுகளாக 1974இல் வந்தது. தாதனோரி யோகோ வடிவமைத்த அதன் உறை 22 முகங்களாக விரியும். எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்தபோது யாரும் நடக்க முடியவில்லை. சீப் ட்ரிக்கின் புடோகான் ஆல்பம் ஜப்பானுக்கென்றே 1978இல் வந்து, இறக்குமதியாகப் பரவி, அப்புறம்தான் 1979இல் அமெரிக்காவில் வெளியானது. இவையெல்லாம் அந்த மண்ணில் பிறந்தவை. இவற்றுக்கு நீங்கள் கேட்கும் விலையை நான் பேரம் பேசுவதில்லை.

டோக்கியோவில் டிஸ்க் யூனியன் போன்ற கடைகளில் பழைய தட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். தட்டுக்குத் தனி மதிப்பெண், உறைக்குத் தனி மதிப்பெண், ஒபி உண்டா இல்லையா, தாள் உண்டா இல்லையா என்று எல்லாம் அந்தச் சின்னச் சீட்டில் இருக்கும். உங்கள் கைக்குச் சரக்கு வரும்போதும் பல தட்டுகளில் அந்தச் சீட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கிழித்துவிட்டுத்தானே படம் எடுக்கிறீர்கள்? கிழிக்காமல் அப்படியே போடுங்கள். கூடவே லேபிள் இரண்டு பக்கமும், அந்த வழவழப்பு வளையமும், ஒபியின் முன்னும் பின்னும். அனுப்பும்போது தட்டை உறைக்கு வெளியே வைத்துக் கட்டுங்கள். உள்ளேயே வைத்தால் வழியில் குலுங்கி உறையின் மேல் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறது, இதுவரை எனக்கு மூன்று போய்விட்டன.

மறுபதிப்பு டார்க் சைடைத் திருப்பி அனுப்பவில்லை. நன்றாகத்தான் பாடுகிறது. நகல் ஒபியைப் புத்தகத்தில் அடையாளம் வைக்கப் பயன்படுத்துகிறேன்.

இப்போது தேடுவது: ஜெப்பலின் நான்கு, பி-8166ஏ. ஒபி இல்லாவிட்டாலும் சரி. வைத்திருப்பவர்கள் விலையோடு படங்களை அனுப்பவும், ஒரு படம் போதாது. நான் பாக்கி வைத்திருக்கும் நண்பரிடம் இருந்தால், அதையும் சேர்த்துச் சொல்லலாம்.

உங்கள் வாடிக்கையாளன்