அந்தக் குட்டிக்குத் தாய் இருக்கிறது

கரும்புக் காட்டிலிருந்து காட்டுப்பூனைக்குட்டியைத் தூக்கி வந்து வளர்க்கும், அல்லது வளர்க்க ஆசைப்படும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நான் கால்நடை மருத்துவன். தென்பெண்ணைப் பாசனத்தில், கரும்பும் நெல்லும் விளையும் ஓர் ஊரில் பதினெட்டு ஆண்டுகளாக வைத்தியம் பார்க்கிறேன். மாடு, ஆடு, நாய், அவ்வப்போது சண்டைக்கோழி. பூனை முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிசயம். இப்போது நாளுக்கு இரண்டாவது வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் கரும்பு வெட்டுத் தொடங்கிவிட்டால் மூடிய அட்டைப்பெட்டிகளும் வரத் தொடங்கும். கொண்டு வருபவர் அதை மேசையில் வைப்பதற்கு முன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில் அப்படி ஒரு பெட்டி வந்தது. கொண்டு வந்தவருக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். "கட்டிலிலிருந்து குதித்தது சார், அதிலிருந்து காலை ஊன்றவில்லை" என்றார். திறந்து பார்த்தேன். மண் நிற உடம்பு, வயதுக்கு மீறி நீண்ட கால்கள், குட்டை வாலில் கறுப்பு வளையங்கள், காது நுனியில் சின்னக் குஞ்சம். காட்டுப்பூனைக்குட்டி. மூன்று மாதம் இருக்கலாம்.

எக்ஸ்ரே எடுத்தேன். நல்ல குட்டியின் எலும்பு படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் பளிச்சென்று தெரியும். இதில் எலும்பு எது, தசை எது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேட வேண்டியிருந்தது. தொடை எலும்பு பச்சைக் குச்சியை மடக்கியதுபோல் மடிந்திருந்தது. ஒன்றரை அடி உயரக் கட்டிலிலிருந்து குதித்ததற்கு!

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பசும்பாலும் கோழிக்கறியும் என்றார். "தொண்டையில் சிக்கிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு துண்டிலும் எலும்பை நானே எடுத்துவிடுவேன் சார்" என்று சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது. வெறும் சதையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இரத்தத்துக்கு வேண்டிய கால்சியம் உணவில் வராவிட்டால் உடம்பு அதை எலும்பிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். வயலில் தாய்ப்பூனை எலியைத் தோலும் குடலும் எலும்புமாக அப்படியே கொண்டுவந்து போடும். இவர் அக்கறையாகப் பிரித்தெடுத்துக் குப்பையில் போட்ட எலும்புதான் அந்தக் குட்டிக்கு வேண்டியிருந்தது.

வனத்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "நான் என்ன திருடினேனா சார்? வெட்டு ஆட்கள் வரப்பில் தூக்கிப் போட்டார்கள். நான் எடுக்காவிட்டால் நாய் கொன்றிருக்கும்" என்றார். பொய் சொல்லவில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை; பிடிப்பதும் வேட்டைதான். குட்டி பிழைத்தது, முதுகு வளைந்தபடி. இனி அதற்குக் கூண்டுதான். அவர் கேட்ட கேள்விக்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை; வெளியே ஈன முடியாத பசு ஒன்று காத்திருந்தது. இப்போது சொல்கிறேன்.

நீங்கள் எடுத்தது அநாதைக் குட்டி அல்ல. வளர்ந்து மூடிய கரும்புக்குள், காய்ந்த இலைச் சோகை மெத்தைபோல் கிடக்கும் இடத்தில் காட்டுப்பூனை ஈனும். பகலில் ஆள் சத்தமும் அரிவாள் சத்தமும் கேட்டால் தாய் விலகிப் போகும். ஓடிப்போய்விட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அது இரண்டு வயல் தள்ளிப் படுத்துக்கொண்டு இருட்டுவதற்காகக் காத்திருக்கும். இருட்டி அது திரும்பி வரும்போது குட்டி உங்கள் வீட்டில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது. நஷ்டம் தாய்க்கு மட்டுமில்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் நடந்த ஓர் ஆய்வு, காட்டுப்பூனை ஒன்று நாளுக்கு மூன்று முதல் ஐந்து எலி வரை தின்னும் என்று கணக்கிட்டது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். எலிப்பொறி வைக்கக் கூலி கொடுக்கும் விவசாயிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிடித்து வளர்த்தால் என்ன ஆகும் என்பதையும் பலமுறை பார்த்துவிட்டேன். ஐந்தாறு மாதம் வரை எல்லாம் இன்பம். மடியில் தூங்கும், எல்லோரும் படம் எடுப்பார்கள். பருவம் எட்டத் தொடங்கியதும் மெத்தை, அரிசி மூட்டை, ஸ்கூல் பை என்று ஒன்று விடாமல் சிறுநீர் அடித்து எல்லை போடும். கை நீட்டினால் கடிக்கும். அது கோபக்கடி அல்ல, எலியின் கழுத்தைத் தேடும் கடி. வீட்டுப் பூனைக்குப் போடும் வெறிநோய்த் தடுப்பூசி காட்டுப்பூனைக்கென்று அங்கீகரிக்கப்பட்டதும் இல்லை. அப்போது உங்களில் பலர் அதைத் தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடுகிறீர்கள். வேட்டை கற்றுத்தர ஆள் இல்லாமல், மனிதனைக் கண்டு ஒதுங்கவும் தெரியாமல் வளர்ந்த விலங்கு அது. கோழிக்கூடு தேடிப் போகும். அடிபட்டுச் சாகும்.

சரி, ஆசைக்கு வருவோம். உங்களிடம் பேசிப் பார்த்ததில், உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் பெரிய பூனை. புலிக்களை உள்ள, நாலு பேர் நின்று பார்க்கும் பூனை. அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் பெரியது என்பதும் காட்டுக்குரியது என்பதும் வேறு வேறு. நம் ஊர்க் காட்டுப்பூனை பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு கிலோ. நம் நாட்டிலும் இலங்கையிலும் வாழும் துரும்பன் பூனை வளர்ந்த பிறகும் ஒன்றரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். உலகத்திலேயே மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்று. ஆனால் அதை வளர்க்க முடியாது. அதைப் பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அதே சமயம் வீட்டுப் பூனை இனமான மெயின் கூன் கடுவன் எட்டு கிலோவைச் சாதாரணமாகத் தொடும். காட்டுப்பூனையைவிடப் பெரியது உங்கள் சோபாவில் குறட்டை விடலாம்!

குட்டியிலிருந்தே பழக்கினால் பழகிவிடாதா என்று கேட்பீர்கள். ஒரு விலங்கு பழகுவது வேறு, ஓர் இனம் வீட்டு விலங்காவது வேறு. இரண்டாவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு பிடிக்கிறது. சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு ஏறக்குறைய 9,500 ஆண்டுப் பழையது. இன்று உலகம் முழுவதும் வீடுகளில் இருப்பவை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் வேறொரு காட்டு இனத்தின் வழிவந்தவை. சீனாவிலோ வேறு கதை நடந்தது. ஷான்ஷி மாகாணத்தில் 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் உழவர் குடியிருப்பில் பூனை எலும்புகள் கிடைத்தன. ஆராய்ந்தால் அவை சிறுத்தைப்பூனை என்ற சிறிய காட்டு இனத்துடையவை. தானியத்துக்கு எலி வந்தது, எலிக்கு அது வந்தது, மனிதனோடு ஒட்டியே வாழ்ந்தது. ஆனாலும் இன்று சீன வீடுகளில் இருப்பது அதன் வம்சம் அல்ல, மேற்கிலிருந்து போன பூனைதான். உழவர் குடியிருப்பு ஒன்று வாசலில் வைத்திருந்தும் ஆகாதது உங்கள் மாடி அறையில் எட்டு மாதத்தில் ஆகுமா?

அந்தச் சிறுத்தைப்பூனையை அமெரிக்கர்கள் வேறு வழியில் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஜீன் மில் என்ற பெண்மணி 1963-இல் அதை வீட்டுப் பூனையோடு சேர்த்தார். 1980களில் அந்த வேலையைத் திரும்பவும் கையில் எடுத்து பெங்கால் என்ற இனத்தை உருவாக்கினார். 1986-இல் ஆப்பிரிக்காவின் செர்வால் என்ற காட்டு விலங்குக்கும் சயாமிய வீட்டுப் பூனைக்கும் ஒரு குட்டி பிறந்தது. அதன் பெயரே இனத்தின் பெயராகி சவானா ஆயிற்று. நம் கரும்புக் காட்டுப் பூனையின் இரத்தம் கலந்த சௌசி என்றோர் இனமும் உண்டு. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்று பழமொழி சொல்வோம். இங்கே பூனை பாவம், சூடு போட்டது நாம்.

தலைமுறை பல தாண்டிய பெங்கால் வீட்டுப் பூனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடித்து வைத்த பிள்ளையார்போல் உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாள் முழுக்க ஏற, தாவ, ஓட அதற்கு ஏதாவது வேண்டும். முதல் நாலு தலைமுறைக் கலப்பினத்தைப் பன்னாட்டு வணிகத்தில் காட்டு விலங்காகவே கொள்கிறது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை. சவானாவை ஆஸ்திரேலியா 2008-இல் நாட்டுக்குள்ளேயே விடவில்லை. அங்குள்ள சிறு விலங்குகளை நினைத்து அஞ்சியது. இந்தியாவில் சைட்டீஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்கை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்துவிட்டது. வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பும் காரில் உட்கார்ந்த சிங்கத்தின் வீடியோவைக் காட்டி வாதாடுபவர்களுக்கு ஒன்று: அமீரகத்திலேயே 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தனியார் வளர்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டது.

அப்படியானால் மெயின் கூன் வாங்கலாமா? வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பண்ணைப் பூனை அது. 1895-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்த பூனைக் கண்காட்சியில் பரிசு வாங்கியதும் அந்த இனம்தான். காது நுனியில் குஞ்சம், சிங்கப் பிடரிபோல் கழுத்து மயிர், அணிலைப்போல் அடர்ந்த வால். பார்த்தால் காடு, பழகினால் பசு. இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து குருவிபோல் ஒரு கீச்சுக் குரல் வரும். முதல்முறை கேட்டபோது என் உதவியாளர் மேசைக்கு அடியில் குஞ்சு எதுவும் இருக்கிறதா என்று குனிந்து தேடினார். முழு வளர்ச்சி பெற மூன்று நான்கு ஆண்டு ஆகும். ஆறாம் மாதத்தில் வந்து "இது ஏன் இன்னும் பெரிதாகவில்லை" என்று என்னிடம் சண்டைக்கு நிற்காதீர்கள்.

விலை ஒரு கறவை மாட்டு விலை. அந்தப் பணத்துக்கு மாட்டுச் சந்தையில் நீங்கள் எத்தனை கேள்வி கேட்பீர்கள்! பல்லைப் பார்ப்பீர்கள், மடியைத் தொட்டுப் பார்ப்பீர்கள், சுழி பார்ப்பீர்கள். பூனைக்கு மட்டும் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடுகிறீர்கள். மெயின் கூன் என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்த சில, முடி வளர்ந்த பாரசீகக் கலப்பு. இந்த இனத்தில் இதயத் தசை தடிக்கும் நோய் பரம்பரையாக வருவது உண்டு. அதற்கான ஒரு மரபணுப் பிழையை 2005-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தாய் தகப்பனுக்கு அந்தச் சோதனையும் இதய எக்கோவும் செய்திருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். பனிக்கென்று வளர்ந்த ரோமம் அது. நார்வே காட்டுப்பூனை, சைபீரியப் பூனை இரண்டுக்கும் இதே கதி. (பெயரில் காடு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், நார்வேக்காரனும் வீட்டுப் பூனைதான்.) அக்னி நட்சத்திரத்தில் மதியம் மின்சாரம் போனால் அதை எங்கே வைப்பீர்கள் என்று முதலில் யோசியுங்கள். வாரம் மூன்று நாள் சீவாவிட்டால் அக்குளிலும் வயிற்றடியிலும் முடி கம்பளிபோல் இறுகி, கடைசியில் என்னிடம் வந்து மொட்டை அடிக்க வேண்டியிருக்கும். மொட்டையடித்த மெயின் கூனைப் பார்த்தால் நாலு பேர் நிற்பார்கள், ஆனால் சிரிக்க.

என் வீட்டில் இருப்பது மீன் சந்தையில் கிடைத்த செவலைக் கடுவன். உரிய காலத்தில் கருத்தடை செய்தேன். ஆறு கிலோ இருநூறு கிராம். அகலமான தாடை, தடித்த கழுத்து. சுற்றுச்சுவரில் அது நடந்து வந்தால் தெருநாய் வழி விடும். எடையில் காட்டுப்பூனைக்குக் குறைவில்லை. செலவு ஒரு பை மத்தி மீன். உங்கள் தெருவிலும் அப்படி ஒன்று இருக்கும்.

இனி கரும்புக்குள் குட்டியைக் கண்டால் என்ன செய்வது என்பது. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பக்கம் வனத்துறையும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும் கரும்புத் தோட்டத்துச் சிறுத்தைக் குட்டிகளைக்கூடத் தாயிடம் சேர்த்துவிடுகிறார்கள். முறை எளியது. முடிந்தவரை கையால் தொடாதீர்கள். அந்த இடத்தில் வெட்டை நிறுத்திவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பால் புகட்டாதீர்கள்.

சென்ற தை மாதம் எங்கள் ஊர் விவசாயி ஒருவர் அப்படித்தான் அழைத்தார். மறுதாம்புக் கரும்பு, கடைசிப் பத்து வரிசை மீதம், நடுவே மூன்று குட்டிகள். லாரி காத்திருக்கிறது என்று வெட்டு ஆட்கள் முணுமுணுத்தார்கள், அவர் கேட்கவில்லை. அந்திப் பொழுதில் வனக்காவலர் ஒரு தக்காளிக் கூடையைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து, சோகை போட்டு, குட்டிகளை அதே இடத்தில் விட்டார். நாங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கொசுக்கடி. ஏழே முக்காலுக்கு வாய்க்கால் ஓரம் ஏதோ அசைந்தது. தாய் நேராக வரவில்லை. அரை வட்டம் சுற்றி, நின்று, மோந்து, பிறகு கூடைக்குள் தலையை விட்டது. முதல் குட்டி தாயின் வாயில் தொங்கியபடி போயிற்று. கால் மணி கழித்து இரண்டாவது. மூன்றாவதற்கு வெகுநேரம் வரவேயில்லை. மறந்துவிட்டதோ என்று விவசாயி என் காதில் கேட்டார். ஒன்பது மணி தாண்டித்தான் வந்தது. அதுவரை அவர் கையில் எடுத்த பீடியைப் பற்றவைக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவன்