லோடு ஏற்றினார்களா?

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போதே "சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்தவள்தான், அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வேலை இருக்கும், தெரியும். அம்மாதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் அணுமின் நிலையத்தில் அவசரகால டீசல் ஜெனரேட்டர் பொறுப்பு உனக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன், உன் சித்தப்பாவிடம்தான் சொன்னேன். "ஜெனரேட்டர்தானே" என்றான், அவனைத்தான் உனக்குத் தெரியுமே. ரியாக்டரை நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு நிற்காது, வெளி மின்சாரம் போனால் அந்த டீசல் 10 வினாடி போல எழுந்து வேகம் பிடித்துப் பம்புகளுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று அவனிடம் யார் மல்லுக்கட்டுவது.

ஜெனரேட்டர் சோதனையைப் பற்றி "ஸ்டார்ட் ஆனா போதும்னு சொல்றாங்கப்பா" என்றாயே, அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாதும்மா. மாதச் சோதனை என்றால் லோடு ஏற்றி, அதாவது உண்மையிலேயே கரண்ட் கொடுக்க வைத்து, ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும், வெறுமனே சுற்றவிட்டால் எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படிந்து இன்ஜினுக்குத்தான் கேடு. நின்றுகொண்டிருக்கும்போது அதன்மேல் கை வைத்துப் பார், வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஜில்லென்று இருந்தால் இன்ஜினைச் சுற்றியுள்ள தண்ணீரைச் சூடாக வைக்கும் ஜாக்கெட் வாட்டர் ஹீட்டர் போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜினைக் கிளப்பும் அழுத்தக் காற்று, அந்த ஸ்டார்ட்டிங் ஏர் பிரஷரைப் பார். இன்ஜினுக்கு நேராக டீசல் கொடுக்கும் சின்னத் தொட்டி, அந்த டே டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்கும். இதெல்லாம் பார்த்த பிறகுதான் சோதனைத் தாளில் கையெழுத்து.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில், நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனதும் டீசல்கள் ஒழுங்காகத்தான் கிளம்பின. சுமார் 50 நிமிடத்தில் சுனாமியில் கடல் உள்ளே வந்து, தரைக்குக் கீழே இருந்தவற்றை மூழ்கடித்துவிட்டது. 6-ஆம் யூனிட்டில் மேலே வைத்திருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு டீசல்தான் தொடர்ந்து கரண்ட் கொடுத்தது, 5-உம் 6-உம் பிழைத்தது அதனால்தான்.

ரியாக்டர் பிரஷர் எங்கள் வேலை இல்லை என்பாய். உங்கள் பேட்ச் பசங்க எல்லாரும் அப்படித்தான் பேசுகிறீர்கள், எனக்கு எரிச்சலாக வரும். தீயணைப்பு பம்பால் தண்ணீரை உள்ளே தள்ள வேண்டுமென்றால் முதலில் ரியாக்டர் பிரஷர் இறங்க வேண்டும், அதற்கு அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறக்க வேண்டும், அதைத் திறக்க பேட்டரியின் டிசி கரண்ட் வேண்டும். புகுஷிமாவில் அதுவும் இல்லாமல் போய், ஊழியர்களின் கார்களிலிருந்து 12 வோல்ட் பேட்டரிகளைக் கழற்றி வந்து வரிசையாகக் கோத்துத் திறந்தார்கள். அப்புறம் எங்கே உன் வேலை, அவன் வேலை?

விளக்கையும் நம்பாதே. 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ரிலீஃப் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது, ஆனால் பேனல் விளக்கு அணைந்துவிட்டது. அது காட்டியது வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு, அதாவது சோலினாய்டுக்கு, கரண்ட் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான், வால்வு எப்படி இருக்கிறது என்பதை இல்லை. வெளியேற்றக் குழாய் கொதித்ததைக் கவனித்தவர்களும் அது எப்போதும் கசிகிற வால்வுதானே என்று விட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரியாக்டரைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருந்தது. எப்போதும் இப்படித்தான் என்று உன்னிடம் யாராவது சொன்னால், அங்கேதான் போய் நின்று பார்க்க வேண்டும். நீயே போய்ப் பார். கையெழுத்துக்கு முன்னால் பார்.

பிடிவாதம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, நல்லதுதான். ஆனால் என்னிடம் ஏன் அந்தப் பிடிவாதம்? நான் கத்துவேன் என்று பயந்தால் அம்மாவிடமாவது சொல். அண்ணன் விஷயத்தில் கத்தியதுபோல் கத்தமாட்டேன்.

நல்லா இருக்கேன் என்று ஒரு வரி அனுப்பாதே. அந்த ஒரு மணி நேரம் ஓடியதா, இல்லையா? தாளில் என்ன எழுதச் சொன்னார்கள், நீ என்ன எழுதினாய்? நைட் ஷிப்ட் முடிந்து எந்நேரமானாலும் கூப்பிடு, எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா