படிவத்தை எங்கள் பக்கம் திருப்புங்கள்

பணியிடைப் பயிற்சிகளை வகுக்கும் கல்வி அதிகாரிகளுக்கு வணக்கம்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் டிக் போடச் சொல்லி ஒரு படிவம் கொடுத்திருக்கிறீர்கள். இப்படிப் பிரித்துக் கற்பித்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இலேயே பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளைத் துருவிப் பார்த்து எழுதிவிட்டார்கள். நம் பயிற்சிக் கையேட்டுக்கு அந்தச் செய்தி மாட்டுவண்டியில் வருகிறது போலும்.

வகுப்பின் போக்கைத் தீர்மானிப்பது ஆசிரியரின் விருப்பம். பின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை நம்பும் ஆசிரியர் "மூன்றில் இரண்டு" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். காதில் முதலில் விழுவது மூன்று. பிள்ளை மூன்றை மேலே போட்டு, இரண்டைக் கீழே எழுதும். கவனிக்கவில்லை என்று திட்டு விழும். கவனித்ததால் வந்த பிழை அது! படத்தை நம்புபவர் பலகையில் வட்டம் போட்டு, இரண்டு நெட்டுக்கோடு இழுத்து, இரண்டு துண்டைத் தீட்டுவார். நடுத்துண்டு பெரிது, ஓரத்துண்டுகள் சிறிது. சமபங்கு என்பதே காணாமல் போகும். கைவேலையை நம்புபவர் தாளை மூன்றாக மடிக்கச் சொல்வார். பாதி பேர் நான்காக மடித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். 2/3 நோட்டில் ஏறியிருக்காது.

மூவரும் உழைப்பவர்களே. தமக்குப் புரிந்த வழியில் சொல்லித்தருகிறார்கள். 12 செ.மீ. காகிதப் பட்டையில் 4, 8 செ.மீ.யில் குறி வைத்து மடித்து, இரண்டு பங்கைத் தீட்டி, "மூன்று சமபங்கில் இரண்டு" என்று சொல்லிக்கொண்டே கோட்டுக்குக் கீழே 3, பிறகு மேலே 2 என எழுதவைத்தால் கை, கண், காது மூன்றுக்கும் வேலை. எல்லாப் பிள்ளைக்கும் இது வேண்டும்.

ஆகவே படிவத்தை எங்கள் பக்கம் திருப்புங்கள். 40 நிமிட வகுப்பில் சக ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு குறி போடட்டும்: பேச்சா, பலகையா, பிள்ளைகள் கையில் வேலையா? 20 குறிகளில் 15 ஒரே கட்டத்தில் விழுந்தால், அந்த ஆசிரியரின் சாய்வு தெரிந்துவிடும். அடுத்த பாடத்தில் விடுபட்டதை மட்டும் சேர்க்கலாம். கடைசி பெஞ்சு ஏனென்றால், பலகையைப் பார்த்தபடி பேசுபவரின் குரலும் பொடி எழுத்தும் அங்கேதான் எட்டுவதில்லை. தாள் ஆசிரியரிடமே இருக்க வேண்டும். மேலிடத்துக்குப் போனால் அன்று நடப்பது நாடகம்தான்.

ஈராசிரியர் பள்ளியில் இதற்கு ஆள் ஏது? ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு, இடையில் இணையத்தில் விவரமும் ஏற்றிக்கொண்டு, எந்தக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்வது? நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களைப் பற்றிப் பேசினால் இந்த மடல் முடியாது. அங்கே கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்டாலாவது பேச்சின் அளவு தெரியும்.

பிள்ளைகளுக்கு முத்திரை குத்தும் படிவத்தைத் திரும்பப் பெற்று, அடுத்த பயிற்சிக்குமுன் எங்களுக்கான உற்றுநோக்கல் தாளை அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறோம். ஒரு பக்கம் போதும்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள்