ஏழுகிணறு அக்காவுக்கு ஒரு கடிதம்

அக்கா,

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் சாமான்களை ஏற்றிவிட்டாய். அன்றைக்கு நான் வரவில்லை. காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், அதனால் அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் தெருவுக்குப் போனேன். போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டே இல்லையா? அந்த வாரத்தில் பழைய தெருக்களைச் சுற்றிக்காட்ட ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள். ஆபீஸில் ஒருவர் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசியில் வர முடியாமல் போக, அவர் இடத்தில் நான் போனேன். காலை ஆறரைக்குப் பாரிமுனையில் இருபது பேர் நின்றோம். சுற்றிக்காட்டிய பெண்ணுக்கு உன் மூத்தவள் வயதுதான் இருக்கும்.

பாரி கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் இருக்கிறது, அக்கா. நாம் எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம்! 1773-இல் நட்ட எல்லைக்கல்லாம். ஆறு நட்டார்கள், மிஞ்சியது அது ஒன்றுதான். 1746-இல் பிரெஞ்சுக்காரன் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தான். மூன்று வருஷம் கழித்து அது கைக்குத் திரும்பியதும் வெள்ளைக்காரன் கணக்குப் போட்டான்: கோட்டைக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்துகொள்வான். பழைய கருப்பர் பட்டணத்தை இடித்தே விட்டார்கள். அந்த வெட்டவெளிக்குத்தான் பிறகு எல்லைக்கல். இன்று ஹைகோர்ட் நிற்கும் இடத்தில்தான் ஜனங்கள் குடியிருந்தார்கள். புரட்டாசி சனிக்கிழமை நீ என்னைக் கூட்டிப்போவாயே, பூக்கடைப் பக்கத்துச் சென்னகேசவர் கோயில், அதுவும் முதலில் அங்கேதான் இருந்தது. இடித்த பிறகு மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று இப்போதுள்ள இடத்தில் கட்டினார். காலி செய்யச் சொல்லி வெளியே வந்தவர்கள் எழுப்பிய ஊரில்தான் நாம் பிறந்திருக்கிறோம். நீ மாதவரத்தில் மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வால்டாக்ஸ் ரோடு என்பதை யாரோ துரை பெயர் என்பார் அப்பா, இல்லையா? இல்லையாம். ஹைதர் அலி படை வந்துபோன பயத்தில் ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அந்தச் செலவுக்கு ஜனங்கள் மேல் வரி போட நினைத்திருக்கிறார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் ரோட்டுக்கு நின்றுவிட்டது. அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

அப்புறம் ஏழுகிணறு. 1772-இல் கிணறுகள் வெட்டினார்களாம். ஊருக்கென்று முறையாக வந்த முதல் தண்ணீர் ஏற்பாடு அதுதானாம். நான் அதோடு விட்டிருப்பேன். "தண்ணீர் போனது கோட்டைக்கு" என்றாள் அந்தப் பெண். அதற்கு மேல் அவள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

2003. ஏரியெல்லாம் வறண்டு கிடந்த வருஷம். நான் காலேஜ் இரண்டாம் வருஷம். ரெக்கார்டு நோட்டு வாங்க மூன்று பேர் வந்திருந்தார்கள், டீக்கடை முனையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நீ லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாய். நைட்டி மேல் துண்டு, இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். "தம்பி, இதைக் கொஞ்சம் பிடிடா" என்றாய். நான் திரும்பவில்லை. "யாருடா அது?" என்று ஒருத்தன் கேட்டான். "எதிர்வீட்டு அக்கா" என்றேன்.

உனக்குக் கேட்டது. குடத்தைக் கீழே வைத்தாய், இடுப்பு மாற்றிக்கொண்டாய், போய்விட்டாய்.

எனக்குப் பத்தொன்பது வயது, அந்தக் காலேஜில் எல்லாரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்றெல்லாம் சொல்லலாம். உண்மைதான், ஆனாலும் சொல்லிப் பார்க்கும்போது வாய் கூசுகிறது. என்னை மன்னித்துவிடு, அக்கா. இத்தனை வருஷத்தில் இதை ஒரு தடவைகூட உன்னிடம் சொன்னதில்லை.

நீயும்தான் கேட்கவில்லை. அன்று ராத்திரி எப்போதும்போல ரசம் ஊற்றினாய், அப்பளத்தை உடைக்காமல் முழுசாக வைத்தாய். அறைந்திருக்கலாமே! அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த மூன்றாம் நாள்தான் எனக்குச் சொன்னாய். "உனக்கு வேலை இருக்கும்" என்றாய். எல்லாவற்றையும் நீயே சுமந்துவிட்டு, "தம்பிக்கு இதெல்லாம் தெரியாது" என்று ஊரெல்லாம் சொன்னாய். கையில் கொடுத்திருந்தால் நானும் சுமந்திருப்பேன். கொடுத்தபோது வாங்கவில்லை என்று உடனே நீ நினைப்பாய். சரி, அதுவும் நியாயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலிலும் நிறுத்தினார்கள். நம் வீடு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தேக்கு உத்தரம், சுண்ணாம்புக் காரை, மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய மாடிக்கூரை என்று அந்தப் பெண் விளக்கினாள். கதவில் பூட்டு. "காலி பண்ணிட்டாங்க போல" என்றார் ஒருவர். திண்ணைக் கல்லில் அம்மாவின் பித்தளைக் குடம் வைத்து வைத்துப் பள்ளமான வட்டம் இருக்கிறதே, அதை ஒரு பையன் போட்டோ எடுத்தான். அது என்ன என்று அவளிடம் கேட்டான். விளக்கு வைக்கிற இடமாக இருக்கலாம் என்றாள்.

எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை, அக்கா. இரண்டாவது தடவை.

எல்லாரும் வீராசாமிப் பிள்ளை தெருவில் வள்ளலார் இருந்த வீட்டைப் பார்க்கப் போனார்கள். நான் பின்தங்கித் திண்ணையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "யாருப்பா?" என்றார். உன் பெயரைச் சொல்லி, அவள் தம்பி என்றேன். "வருஷம் இவ்வளவு ஆச்சா!" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

வரும் ஞாயிறு மாதவரம் வருகிறேன். மாமாவிடம் சொல்லிவை. அந்தப் பித்தளைக் குடத்தை இன்னும் பழைய பாத்திரக் கடையில் போடவில்லையென்றால் எனக்காக எடுத்து வை.

உன் தம்பி